எருமைக்குப் போட்ட மருந்து

லக்ஷ்மிபாய் நகர்,
புது டில்லி.
4-9-1983, ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி இந்திராணி எழுதுவது.

வழக்கமாக முதல் வரியில் உங்கள் சுகத்தை விசாரிப்பேன். இன்று அதற்கு மனம் வரவில்லை. உங்கள் முகாமில் ஓயாத மழை, அட்டைக்கடி தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரி படுக்கும் முன் காலை உப்புத்தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு என்னால் இவ்வளவுதான் விசாரிக்க முடிகிறது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். நம் பெண் வத்சலாவைப் பற்றி மேலாகக் கொஞ்சம் விசாரித்துவிட்டு, மீதி முழுவதும் உங்கள் அக்காவின் கண்ணீரைத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் போட்ட கார்டைப் படித்துவிட்டு அவர் சரியாகச் சாப்பிடவே இல்லையாம். தாயில்லாத உங்களை இடுப்பில் தூக்கி வளர்த்தவராம். 'பெரியவளிடம் பேசுகிற பேச்சா அது? ஆனது ஆகிவிட்டது. ஒரு வரி மன்னிப்புக் கேட்டு எழுதிப் போடு' என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறீர்கள்.

எழுத மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை தேடிப் படிக்க வேண்டாம். உங்கள் அக்கா என்ன செய்தார் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தும் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்க எனக்குத் துணிவில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது, அவசரப்படாமல் படியுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வத்சலாவுக்குக் கணுக்கால் வீங்கியது. அது வடிந்ததும் முழங்கால், அப்புறம் மணிக்கட்டு. வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் வலிக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோதுதான் மூட்டில் மட்டும் இல்லை, இதயத்திலும் இருக்கிறது என்று தெரிந்தது. நீங்கள் லீவில் வந்து போன சமயம் அது. டாக்டரம்மா என்னை உட்கார வைத்து விளக்கமாகச் சொன்ன அன்று, உங்கள் ரயில் கான்பூரைத் தாண்டியிருக்கும். அவர் சொன்னதை நீங்கள் நேரில் கேட்டதில்லை. நானும் 'மாதா மாதம் ஊசி போடச் சொல்கிறார்கள்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். உங்களுக்கு அது சத்து ஊசி மாதிரிப் பட்டிருக்கலாம்.

விஷயம் இதுதான். தொண்டைப் புண்ணைக் கொண்டுவருகிற ஒரு கிருமி இருக்கிறது. நம் உடம்பு அதனோடு சண்டைக்குக் கிளம்புகிறது. அந்தக் கிருமிக்கும் இதயத்தில் இருக்கிற வால்வுக்கும் ஏதோ ஜாடை ஒற்றுமையாம். சண்டைக்குப் போன உடம்பு ஆள் தெரியாமல் தன் வால்வையே அடித்துவிடுகிறது. தொண்டைப் புண் ஒரு வாரத்தில் ஆறிப்போகும். வால்வில் விழுந்த அடி ஆறாது. ஒவ்வொரு முறை தொண்டையில் அந்தக் கிருமி வரும்போதும் பழைய இடத்திலேயே அடி விழும்.

பெனிசிலின் என்ன செய்யும் என்று நான் கேட்டேன். டாக்டரம்மா பஞ்சாபி, இந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். அந்தக் கிருமியைச் சுற்றி ஒரு சுவர் உண்டாம். கிருமி ஒன்று இரண்டாகப் பெருகும்போது சுவரையும் புதிதாகக் கட்டியாக வேண்டும். பெனிசிலின் அந்தக் கொத்து வேலையைக் கெடுத்துவிடும். சிமெண்ட் இல்லாமல் அடுக்கிய செங்கல் முதல் மழையில் சரிவது போல, கிருமியின் சுவர் ஓட்டையாகி, தண்ணீர் உள்ளே ஏறி, அது வெடித்துச் செத்துவிடும். நம் உடம்பின் அணுக்களுக்கு அந்த மாதிரிச் சுவர் கிடையாது. அதனால் மருந்து கிருமியைக் கொல்கிறது, நம்மை விட்டுவிடுகிறது.

ஆனால் கிருமி வந்து பெருகுகிற நேரத்தில் மருந்து உடம்புக்குள் தயாராக இருக்க வேண்டும். கிருமி எந்த நாளில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் மெதுவாகக் கரைகிற இந்த ஊசி. இடுப்புச் சதையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். மூன்று வாரம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். கெட்டுப்போன வால்வை அது ஒட்டுப் போடாது. இன்னொரு அடி விழாமல் காவல் நிற்கும், அவ்வளவுதான். அதாவது, ஓடி விளையாடிக்கொண்டு நன்றாக இருக்கிற பிள்ளைக்குத்தான் இந்த ஊசி. 'நல்லாத்தானே இருக்கா, எதுக்கு ஊசி?' என்று உங்கள் அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அந்த ஊசியை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு தடவைகூட அவளைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. புட்டியில் வெள்ளைப் பொடி இருக்கும், தண்ணீர் விட்டுக் கலக்கினால் கெட்டிப் பால் மாதிரி ஆகும். மெல்லிய ஊசியில் இறங்காது, தடித்த ஊசிதான். முதலில் முன்கையில் துளி மருந்தைத் தோலுக்குள் போட்டுத் தடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏனென்றால் சில பேருக்கு இந்த மருந்து எமன். உடம்பெல்லாம் தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு நின்று, நாடி விழுந்துவிடும். அந்த வேளைக்கு என்று மாற்று மருந்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டுதான் போடுவார்கள். போட்ட பிறகும் அரை மணி நேரம் அங்கேயே பெஞ்சில் உட்கார வைப்பார்கள். வத்சலா பல்லைக் கடித்துக்கொள்வாள். வெளியே வந்ததும் நொண்டிக்கொண்டே கேட்டுக்குப் போய் சோளே குல்ச்சே ஒரு தட்டு வாங்கித் தரச் சொல்வாள். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒரு தடவைகூடத் தடித்ததில்லை, ஒரு தடவைகூட அவள் மயங்கியதில்லை.

மே மாதம் லீவுக்கு அவளை ஊருக்கு அனுப்பச் சொன்னது நீங்கள்தான். சொந்தபந்தம் தெரியாமல் இந்திக்காரியாக வளர்கிறாள் என்றீர்கள். நானும் சரியென்று கீழ் வீட்டு வெங்கடராமன் குடும்பத்தோடு அனுப்பினேன். சீல் உடைக்காத இரண்டு புட்டி மருந்தைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஒன்று மே கடைசிக்கு, ஒன்று ஜூனுக்கு. படித்த டாக்டரிடம் மட்டும் போட வேண்டும், சோதித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்று உங்கள் அக்காவுக்கு விவரமாக எழுதியும் கொடுத்தனுப்பினேன். அவரும் 'எங்கண்ணு மாதிரி பார்த்துக்கறேன்' என்று பதில் போட்டார்.

ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே அவள் பெரியவளானாள். தந்தி வந்ததும் ஆபீஸில் அழாத குறையாகக் கெஞ்சினேன். பாதி லீவுதான் கிடைத்தது, அதிலும் பாதி ரயிலில் போயிற்று. சீருக்கு முந்தின நாள்தான் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இறங்கியதும் முகம் கழுவக்கூட இல்லை, உங்கள் அக்காவிடம் முதலில் ஊசியைத்தான் கேட்டேன். கையெல்லாம் சந்தனமாக நின்றவர் என் கன்னத்தைத் தொட்டு, "போட்டாச்சு கண்ணு. தாராபுரத்து டாக்டர்கிட்டவே கூட்டிட்டுப் போய்ப் போட்டாச்சு. புள்ளை சிணுங்கக்கூட இல்லை" என்றார். ஊரே கூடியிருந்தது. அவர் மகன் தர்மன் பந்தலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். நான் நம்பினேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டுப் பெரியவர் வாயைத் திறந்து சொன்னால் நம்பத்தான் செய்வோம்.

சீர் முடிந்த மறுநாள் நான் திரும்ப வேண்டியதாயிற்று. ஜூன் கடைசியில் வத்சலா வெங்கடராமன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தாள். இளைத்திருந்தாள். அங்கே தொண்டை வலி வந்து காய்ச்சல் அடித்ததாக அப்போதுதான் சொன்னாள். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது. நம் வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறவள், பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், இதயம் குதித்துக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அவசரப் பிரிவில் புது டாக்டர், சின்னப் பையன். நான் சீட்டுப் போட வரிசையில் நின்று திரும்பி வருவதற்குள் அவர் கேஸ் பேப்பரில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். இந்தப் பெண்ணுக்குப் பெனிசிலின் ஆகாது என்று. யார் சொன்னது என்று கேட்டேன். "பச்சி நே குத் போலா" என்றார். குழந்தையே சொன்னாளாம். நான் வத்சலாவைப் பார்த்தேன், அவள் சுவரைப் பார்த்தாள். அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆகாது என்று நோயாளியே சொன்ன பிறகு போட்டால் அவர் டாக்டர் இல்லை. வேறு மாத்திரை எழுதினார். அது அவள் வயிற்றில் தங்கவில்லை, ராத்திரி முழுவதும் வாந்தி.

திங்கட்கிழமை நம் டாக்டரம்மா ரவுண்டுக்கு வந்தார். பேப்பரைப் பார்த்ததும் என்னை வராண்டாவுக்கு அழைத்துப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "க்யா தமாஷா ஹை? இரண்டு வருஷமாக என் கையால் போட்ட மருந்து, ஒரு லீவில் எப்படி ஆகாமல் போகும்? யார் கற்றுக்கொடுத்தது?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். மத்திய சர்க்கார் மந்திராலயத்தில் வேலை பார்க்கிறவள், படித்தவள், நான் அத்தனையையும் கேட்டுக்கொண்டேன். உங்கள் குடும்பத்துக்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு அது.

பிறகு வத்சலா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

முதல் ஊசிக்கு உரிய நாளில் அவள் தீட்டுக்கென்று கட்டிய ஓலைக் குச்சுக்குள் இருந்திருக்கிறாள். தீட்டுக்காரப் பிள்ளையை ஊசிக்காரன் தொடலாமா என்று அக்கா நிறுத்தினார். அதுகூட எனக்குப் புரிகிறது. சில நாள் தள்ளிப்போனதற்காக நான் சண்டைக்கு வரமாட்டேன். தீட்டு கழிந்த மறுநாள் போட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் அதற்குள் அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. தர்மனுக்கு இவளைத்தான் கட்டுவது என்று சீரிலேயே நாலு பேர் காதில் போட்டாயிற்று. மருமகளாக வரப்போகிறவளுக்கு நெஞ்சில் கோளாறு, காலமெல்லாம் ஊசி என்று ஊருக்குத் தெரிந்தால்? "ஊசி கீசின்னு எவகிட்டயும் மூச்சு விடப்படாது அம்மிணி. உனக்கு ஒண்ணுமில்லை, டில்லிக் குளிருல வந்த சீக்கு. இங்க வெயில்ல ஓடியே போயிரும்" என்றிருக்கிறார். தர்மன் நல்ல பையன், அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கணக்குப் போட்டு மருந்தை நிறுத்தினாரே, அவர் மேல்தான்.

அப்புறம் தொண்டை வலி வந்தது. காய்ச்சல் ஏறியதும் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று டாக்டர் கேட்டதும், உங்கள் அக்கா கூசாமல், "பெனிசிலின் ஆகாதுங்க. ஒருக்கா போட்டு மயங்கி விழுந்துட்டா, பொழைச்சதே பெரும்பாடு" என்றிருக்கிறார். பெனிசிலின் போடப் போனால், முன்னால் போட்டதுண்டா, எதற்குப் போட்டது என்று அவர் தோண்டிக் கேட்பார், நெஞ்சு விஷயம் வெளியே வந்துவிடும், அந்தப் பயம். பாவம், அந்த டாக்டர் நம்பி வேறு மாத்திரை கொடுத்தனுப்பினார். எந்தக் கிருமியைக் கொல்ல மருந்து பெட்டியில் இருந்ததோ, அதே கிருமி தொண்டையில் இருந்தபோது, அந்த ஒரு மருந்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லித் தடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் வத்சலாவையும் பாடம் ஒப்பிக்க வைத்தாராம். டில்லியில் யார் கேட்டாலும் அப்படியே சொல்ல வேண்டும் என்று.

அந்த இரண்டு புட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். உங்கள் அக்காவின் எருமைக்கு மடி வீங்கியிருந்ததாம். மாட்டுக் கம்பவுண்டர் வந்து, பெனிசிலின் போட வேண்டும், கையில் இல்லை, தாராபுரம் போய்த்தான் வாங்க வேண்டும் என்றாராம். அக்கா உள்ளே போய்த் துண்டை அவிழ்த்து இரண்டையும் எடுத்து வந்து நீட்டிவிட்டார். 'சும்மாதானே கிடக்குது, வீணாப் போகுது' என்று. எருமை பிழைத்துக்கொண்டதாம். வத்சலாவுக்கு ஆகாத மருந்து எருமைக்கு ஆகிவிட்டது. மாமா, டிஸ்டில்டு வாட்டரோடு சேர்த்து நான் தேடித் தேடி வாங்கிய மருந்து அது. பால் கறக்கிற எருமைக்குக் கொடுக்க மனம் வந்தது, தம்பி பெண்ணுக்குக் கொடுக்க வரவில்லை. நான் கார்டில் எழுதியது இதைத்தான். 'உங்கள் வீட்டில் எருமையாகப் பிறந்திருந்தால் என் மகளும் தப்பித்திருப்பாள்' என்று. அந்த வரிதான் உங்கள் அக்காவைச் சாப்பிட விடாமல் செய்ததாம். சாப்பிடாமல் இருக்கட்டும்.

பொய் என்று தெரிந்த பிறகும் டாக்டரம்மா உடனே ஊசியை எடுத்துவிடவில்லை. ஒருமுறை அந்த வார்த்தை பேப்பரில் ஏறிவிட்டால் அதை அலட்சியமாக அடிக்க முடியாது என்றார். ஒருவேளை நிஜமாகவே அங்கே ஏதாவது போட்டுத் தடித்திருந்தால் என்ன செய்வது? மறுபடி துளித் துளியாகச் சோதித்தார்கள். மாற்று மருந்து பக்கத்துத் தட்டில் தயாராக இருந்தது. நர்ஸ் நாடியைப் பிடித்தபடி நின்றாள். நான் வத்சலாவின் கழுத்தையும் உதட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், எங்கே வீங்குகிறதோ என்று. ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு மையை அடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, ஊசி போட்டார்கள்.

ஆனால் அடி விழுந்துவிட்டது. முன்னால் வால்வு லேசாகத்தான் ஒழுகியது. ஸ்டெதஸ்கோப்பில் கவனமாகக் கேட்டால்தான் தெரியும் என்பார். இப்போது மாணவர்களை அழைத்து அழைத்துக் கேட்கச் சொல்கிறார், அத்தனை தெளிவாகக் கேட்கிறதாம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், படுக்கையில்தான் இருக்க வேண்டும். ஸ்கூல் கிடையாது. நான் ஆபீஸ் போகும் நேரத்தில் செங்கம்மாள் மற்ற வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து கூட இருக்கிறாள். டாக்டரம்மா இன்னொரு விஷயமும் சொன்னார். அதை நான் கடிதத்தில் எழுதப் போவதில்லை. நீங்கள் லீவில் வந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நிலைமையில் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். டில்லிக் குளிர்தான் காரணம், வருகிற தை மாதம் அவளை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடலாம், அக்கா இனி ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்வாள், அங்கேயே படிக்கட்டும் என்கிறீர்கள். அந்த வீட்டு வாசலை இனி என் மகள் மிதிக்க மாட்டாள். லீவு போட்டு நீங்களே வந்து அழைத்தாலும் அனுப்ப மாட்டேன். குளிர் வால்வை அடிக்கவில்லை மாமா. மருந்து இல்லாத தொண்டையில் புகுந்த கிருமி அடித்தது. இதே டில்லியில் இரண்டு குளிர்காலம் அவள் ஸ்வெட்டர்கூடப் போடாமல் ஓடினாள், ஊசி இருந்தது.

இவ்வளவு நேரம் நான் போட்ட சண்டை உங்கள் அக்காவைப் பற்றி. இனி எழுதுவது வேறு.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை அடுத்த ஊசி. டாக்ஸி வைத்துக் கூட்டிப் போனேன். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தவள், அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வர மாட்டேன் என்றாள். அதட்டினேன், கெஞ்சினேன். என்னை அறியாமல் முதுகில் ஒன்று வைத்தும்விட்டேன். நெஞ்சு நோயாளியை அடிக்கிறாள் என்று வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. நாலு பேர் பிடித்துப் படுக்க வைக்கட்டுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். "இன்றைக்குப் பிடிப்பீர்கள். இருபது வயது தாண்டியும் இந்த ஊசி வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் பிடிக்க முடியுமா? அவளாக வந்து படுத்தால்தான் உண்டு" என்றார். அதுவரைக்கும் என்று பெனிசிலின் மாத்திரை கொடுத்திருக்கிறார், காலையும் மாலையும். ஊசி அளவுக்கு அதை நம்ப முடியாது, ஒரு வேளை தப்பினாலும் காவல் இல்லை என்று எச்சரித்தார். நேற்றுப் படுக்கை உதறும்போது தலையணைக்கு அடியில் ஒரு மாத்திரை கிடந்தது.

ஊசி போடாமல் திரும்பிய அன்று ராத்திரியே பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஏனடி இப்படி என்று கேட்டிருந்தேன்.  இருட்டில் சொன்னாள். "அப்பாவுக்குப் பிடிக்காதும்மா. ஊசி வேண்டாம்னு அப்பாவும் சரின்னு எழுதிட்டாரு, அத்தை சொன்னாங்க. நான் ஊசி போட்டுக்கிட்டா அப்பாவுக்குத் தலைகுனிவாம்."

உங்கள் அக்கா எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். இதுவும் அதில் ஒன்றாக இருக்கலாம். அல்லது அவர் எழுதிக் கேட்டதற்கு, விவரம் புரியாமல் 'உன் இஷ்டப்படி செய் அக்கா' என்று நீங்கள் ஒரு வரி எழுதியும் இருக்கலாம். உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அரிசி களையும்போதும் இதே நினைப்பு, ஆபீஸில் டைப் அடிக்கும்போதும் இதே நினைப்பு. ஆனால் நான் உங்களைக் கேட்கப் போவதில்லை. நீங்கள் என்ன பதில் சொன்னாலும் அதற்குப் பிறகு நாம் எப்படி ஒரே வீட்டில் இருப்போம் என்று தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை.

அவளுக்கு என் பேச்சு ஏறவில்லை. டாக்டர் பேச்சும் ஏறவில்லை. நீங்கள் ஒரு வருஷத்தில் முப்பது நாள் வந்து போகிறவர். அந்த முப்பது நாளுக்காகத்தான் அவள் மீதி நாளை ஓட்டுகிறாள். தலைகுனிவு என்று அவள் எந்த மனிதருக்காகப் பயப்படுகிறாளோ, அந்த மனிதர் சொன்னால்தான் அவளுக்குப் பயம் போகும்.

ஆகவே எனக்குப் பதில் எழுத வேண்டாம். உங்கள் அக்காவுக்கும் எனக்கும் நடுவே பஞ்சாயத்தும் பண்ண வேண்டாம். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே வத்சலாவுக்கு எழுதுங்கள், அவள் பெயருக்கே எழுதுங்கள். தபால் தாமதமாகும் என்று தோன்றினால் தந்தி கொடுங்கள். ஊசி வேண்டாம் என்று அப்பா ஒருநாளும் சொல்லவில்லை, அத்தை தவறாகப் புரிந்துகொண்டாள், ஊசி போட்டுக்கொள்கிற பெண் என்றால் அப்பாவுக்குப் பெருமைதான் என்று எழுதுங்கள். அவளே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும், பெரிய எழுத்தாக எழுதுங்கள்.

நீங்கள் அப்படிச் சொல்லியே இருந்தாலும், சொல்லவில்லை என்றுதான் எழுத வேண்டும். உங்கள் வீட்டில் சொல்லப்பட்ட பொய்களில் ஒன்றையும் நான் மன்னிக்க மாட்டேன். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், நான் ஆயுளுக்கும் வாய் திறக்க மாட்டேன்.

அவளுக்கு வரும் உங்கள் கடிதத்துக்காக மாத்திரையும் கையுமாக உட்கார்ந்திருக்கும்,
இந்திராணி.